அப்பா போகாத ஊருக்கு அம்மாவோடு

பெற்றவர் ஒருவர் ஓர் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால், பிள்ளைகள் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலையை. அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஏன் போகவில்லை? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. காரணம் பிடிபட்டால் எங்கே போவது, எப்போது போவது, யாரைக் கூட்டிப் போவது, எவ்வளவு செலவழிப்பது என்பதெல்லாம் தன்னால் தெளிந்துவிடும். காரணத்தை விட்டுவிட்டு ஊரை மட்டும் பிடித்துக்கொண்டால், அப்பா பேரைச் சொல்லிப் பிள்ளைகள் போய்வந்த சுற்றுலாவாக அது முடியும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதற்கு வழிகாட்டி நூல் எதற்கு?

காசில்லாததால்தான் நம் கோவில்பட்டிச் சீமையின் கரிசக்காட்டு ஜனங்கள் ஊர் பார்க்கவில்லை என்று சொல்வது பாதி உண்மை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட பாதையில் கோவில்பட்டி வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1876-இல். அன்றிலிருந்து எத்தனையோ தலைமுறைச் சம்சாரிகள் ரயிலைப் பார்த்தபடியேதான் உழுதிருக்கிறார்கள். ஏறவிடாமல் பிடித்து வைத்தது வேறு. இது மானாவாரி மண். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை. புரட்டாசியில் காட்டைத் தயாராக்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஈரம் இருக்கும்போது விதைக்காவிட்டால் அந்த வருச வெள்ளாமை போச்சு. பிறகு களை, உளுந்து பாசிப்பயறு பறிப்பு, சோளம் கம்பு அறுப்பு, பருத்தி எடுப்பு என்று பங்குனி வந்துவிடும். கையில் காசு வரும்போது கடன் கொடுத்தவரும் வருவார், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் மகள் கல்யாணமும் வரும். இத்தனையும் தாண்டினாலும் தொழுவத்தில் மாடு நிற்கும். பிடித்துக் கட்டி, தண்ணி காட்டி, பால் பீய்ச்ச வேறு ஆள் இல்லாத வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல ஒரு ராத்திரி வெளியே தங்க முடியாது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்களின் கணக்கு வேறு. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. முன்பணம் வாங்கியிருந்தால் லீவு கேட்க வாயும் வராது.

இந்தத் தடைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவற்றில் எதுவும் இறந்தவரோடு போய்விடவில்லை. அப்பாவைக் கட்டிப்போட்ட அதே மாடு இன்று அம்மாவைக் கட்டிப்போட்டிருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் தனியாக என்ன செய்வது என்று அப்பா பயந்தார் என்றால், அம்மாவுக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு இருக்கும். ஆகவே இந்தப் பயணத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, அப்பாவைத் தடுத்தது எதுவோ அதை அம்மாவின் வழியிலிருந்து எடுத்துப் போடுவது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை உயிரோடு இருப்பவரைத் தொட்டுத்தான் போக முடியும் என்பதே என் வாதம். அம்மாவை வீட்டில் மாட்டுக்குக் காவல் வைத்துவிட்டு மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் காசிக்குப் போய் அப்பாவுக்காக முழுக்குப் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. அதைவிடப் போகாமல் இருப்பது மேல்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று மைசூருவில் இருக்கிறது. கிருஷ்ணகுமார் என்பவரின் தந்தை 2015-இல் காலமானார். கூட்டுக் குடும்பத்தின் அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த தாய் சூடாரத்னா, பக்கத்தில் இருக்கிற கோயில்களைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, மகன் பெங்களூரு வேலையை விட்டார். 2018 ஜனவரியில், அப்பா வாங்கிக் கொடுத்திருந்த பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பியவர், இந்தியா முழுக்கச் சுற்றி நேபாளம், பூடான், மியான்மர் வரை போய்வந்தார். அந்த வண்டியை அவர் தந்தையின் இடத்தில் வைத்துப் பேசுவார். வேலையை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்ப நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. அவர் செய்ததில் எடுத்துக்கொள்ள வேண்டியது வண்டியும் தூரமும் அல்ல. தந்தை போன பிறகு தாய் இதுவரை எதைப் பார்க்கவில்லை என்று கணக்கெடுத்தார் பாருங்கள், அது.

ஆசை என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது அடுத்தது. இது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல. ‘காசிக்குப் போகணும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதற்குள் நாலைந்து ஆசை இருக்கலாம். கங்கையில் முங்க வேண்டும் என்பது ஒன்று. தன் தாய் தகப்பனுக்கு அங்கே திதி கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. நீண்ட தூரம் ரயிலில், சன்னலோரம், யாரும் வேலை ஏவாத இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. வீட்டாரிடம் சொல்லாததைக் கூட்டாளியிடம் சொல்லியிருப்பார். அத்தையைக் கேளுங்கள், அவரோடு டீக்கடையில் உட்கார்ந்தவரைக் கேளுங்கள், அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். கூடவே, அது வெறும் ஆசையா, நேர்த்திக்கடனா என்பதையும் பிரித்தறிய வேண்டும். திருச்செந்தூருக்கோ கழுகுமலைக்கோ இருக்கன்குடிக்கோ நேர்ந்துகொண்டு முடிக்காமல் போயிருந்தால் அது கடன். கடனை வாங்கிய கடையில்தான் அடைக்க வேண்டும், இடத்தை மாற்ற முடியாது. அது மொட்டை என்றால் மொட்டைதான், காவடி என்றால் காவடிதான். ஆசை அப்படியில்லை. அதன் உட்கருத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் வசதிக்கு வளைக்கலாம்.

இறந்தவருக்காக இன்னொருவர் பயணம் போவதே அபத்தம், பார்க்கக் கண்ணில்லாதவருக்கு எதற்குக் காட்சி என்பது பலமான ஆட்சேபம். பகுத்தறிவு பேசுகிறவர்கள் மட்டும் சொல்வதல்ல, சிக்கனமான சம்சாரியும் இதைத்தான் சொல்வார். ஆனால் நம் பக்கத்துச் சமயங்கள் பலவும் இதை அபத்தமாக நினைக்கவில்லை. இஸ்லாத்தில் ‘பதல் ஹஜ்’ என்ற ஏற்பாடே இருக்கிறது. ஹஜ் செய்வதாக நேர்ந்துகொண்ட தாய் அதைச் செய்யாமல் இறந்துவிட்டார், நான் செய்யலாமா என்று கேட்ட பெண்ணிடம், உன் தாய்க்குக் கடன் இருந்தால் நீ அடைக்கமாட்டாயா என்று நபிகள் நாயகம் திருப்பிக் கேட்டதாக ஹதீஸ் சொல்கிறது. அப்படிப் போகிறவர் தன்னுடைய ஹஜ்ஜை முதலில் முடித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிபந்தனை. இந்துக் குடும்பங்களுக்குக் கயை இருக்கிறது. அங்கே போவதே பெற்றோருக்காகத்தான். மண்ணை ராமேசுவரத்தில் எடுத்துத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்கிற பழைய வழக்கமும், ஒருவர் சார்பில் இன்னொருவர் சுமந்து போவதை ஏற்றுக்கொள்கிறது. இதை நம்பாதவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. காட்சி அப்பாவுக்கு அல்ல, அம்மாவுக்கு. அவருக்குக் கண் இருக்கிறது. முழங்கால் இன்னும் எத்தனை வருசத்துக்குப் படியேற ஒத்துழைக்கும் என்பதுதான் தெரியாது.

தூரத்தைச் சுருக்கினால் ஆசையைக் குறைத்ததாகாதா என்ற சந்தேகத்துக்கு இந்தச் சீமையே பதில் வைத்திருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலை எழுப்பியதற்குச் சொல்லப்படும் காரணம், காசிக்குக் கிளம்பிய பக்தர்கள் போய்ச் சேராமல் வழியிலேயே மாண்டுபோனார்கள் என்பது. காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம் வழியில் நின்றுவிட்ட இடம் சிவகாசி என்பது இன்னொரு கோயில் கதை. கோவில்பட்டிக்கு வடக்கே ஒரு காசி, மேற்கே ஒரு காசி. போக முடியாதவனுக்குப் பக்கத்தில் ஓர் ஊரை ஏற்படுத்திக் கொடுப்பது பாண்டியன் காலத்திலேயே நடந்த ஏற்பாடு. அம்மாவுக்கு மூட்டுவலி, ரத்தக் கொதிப்பு, இரண்டு நாள் ரயில் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால், தென்காசியில் கும்பிட்டுக் குற்றாலத்தில் குளித்துத் திரும்புவது எந்த விதத்திலும் தாழ்த்தியில்லை. சாரல் காலமான ஆனி ஆடியில் போனால், காடு சும்மா கிடக்கிற நேரம் அது, வேலையும் கெடாது.

காசிக்கே போவது என்று முடிவானால், முதலில் வருவது மாதக் கணக்கு. இங்கேதான் வீடுகள் தடுமாறுகின்றன. பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதத்தில் கிளம்புகிறார்கள். அப்போது காசியில் நாற்பது பாகையைத் தாண்டிய வெயிலும் அனல் காற்றும். ஆடி ஆவணியில் கங்கை பெருகிப் படித்துறைகள் முழுகும், படகை நிறுத்திவிடுவார்கள். மார்கழியில் மூடுபனி, வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். ஐப்பசி நல்ல மாதம், ஆனால் நமக்கு அது விதைப்பு. மிச்சம் இருப்பது மாசிக் கடைசியும் பங்குனி முற்பாதியும். பயறு விற்ற காசு கையில் இருக்கும், பருத்தியில் கடைசி எடுப்பு மட்டும் பாக்கி இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்பதால் பேரப்பிள்ளைகள் சிலர் வரமுடியாது. எல்லோரும் சேர்ந்து போகும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அப்பா காத்திருந்தது அந்த நாளுக்காகத்தான். இறந்து ஒரு வருசம் முடியாமல் கோயில் குளம், மலை ஏறக்கூடாது என்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் தலைத்திவசம் முடியட்டும். அந்த ஒரு வருசத்தைப் பணம் சேர்க்கவும் அம்மாவின் கண், பல், மூட்டைக் கவனிக்கவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, மதுரை வழியாகப் பனாரஸ் போகிற காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட வாராந்திர ரயில். பயணம் இரண்டு நாளுக்குச் சற்று மேல். அது நிற்கும் பனாரஸ் நிலையம் வேறு, வாராணசி ஜங்ஷன் வேறு. பழைய மண்டுவாடிதான் இப்போது பனாரஸ். தங்குமிடத்துக்கு வழி கேட்கும்போது இது குழப்பும். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அன்றைக்குக் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் உரியது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டு அம்மாவையும் அதற்குள் சேர்த்துவிட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அம்மாவுக்குத் தனியாகவோ, அதே தகுதியுள்ள அத்தையோடு சேர்த்து இருவராகவோ தனி டிக்கெட் எடுங்கள். மேல் பெர்த்தில் ஏற முடியாமல், ராத்திரி பத்து மணிக்கு எதிர் சீட்டுக்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கும் அம்மாவைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளைக்கும் இந்த விதி மறக்காது.

காசியில் தமிழ்க் குடும்பம் அந்நியமாக உணர வேண்டியதில்லை. கோதவுலியாவை ஒட்டி நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. விசுவநாதருக்கு நாள்தோறும் பூஜைப் பொருள் கொண்டுபோகும் கட்டளையைத் தலைமுறைகளாக நடத்திவருவது அவர்கள்தான். கேதார் கட்டத்தில் இருக்கும் குமாரசாமி மடத்தை 17-ஆம் நூற்றாண்டில் நிறுவிய குமரகுருபரர் நம் தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அனுமான் கட்டத்தில் எட்டயபுரத்துப் பாரதி இருந்த வீடு இருக்கிறது. 1898-இல் தந்தை சின்னசாமி ஐயர் மறைந்த பிறகு அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து, 1902 வரை அங்கே தங்கிப் படித்தார். தகப்பனை இழந்த கரிசல் பிள்ளை ஒருவன் காசிக்கு வந்து சேர்ந்த வீடு என்பதால், திதிக்கு வருகிற குடும்பம் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம். திதி கொடுப்பதா, வெறும் முழுக்குப் போதுமா என்பது உங்கள் வீட்டு வழக்கம். புதைக்கிற வழக்கமுள்ள வீடுகளும் வந்து முங்கிவிட்டுப் போகின்றன. கொடுப்பதென்றால் தமிழ் தெரிந்த சாஸ்திரிகளை மடத்தின் மூலமாக ஏற்பாடு செய்து, தட்சிணை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். படித்துறையில் வைத்துப் பேரம் பேசினால் பாதித் துக்கம் கோபமாகிவிடும். படிகள் செங்குத்தானவை. அம்மாவை ஒரே ஒரு துறையில் இறக்கிக் குளிக்க வைத்துவிட்டு, மற்றவற்றைப் படகிலிருந்து காட்டுவதே புத்திசாலித்தனம்.

பணத்தைப் பற்றி மேலே அதிகம் சொல்லவில்லை. காரணம், குடும்பங்கள் இதில் சண்டை போடுவது தொகைக்காக அல்ல, பங்குக்காக. மூத்தவன் சமபங்கு கேட்பான், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தங்கச்சியால் கொடுக்க முடியாது, அவள் வரவில்லை என்று சொல்லிவிடுவாள். அப்பாவைத் தடுத்த காரணம் மகளையும் தடுத்துவிட்டது என்று அர்த்தம். காசு கொடுக்க முடிந்தவர் காசு கொடுக்கட்டும். முடியாதவர் அம்மாவுக்குத் துணையாகக் கூடவே இருக்கும் பொறுப்பை எடுக்கட்டும். அது சின்ன வேலையல்ல, மருந்து வேளை, கழிப்பறை, உறக்கம் எல்லாம் அதில் அடக்கம். வட்டிக்கு வாங்கிப் போகவே கூடாது. காசிச் செலவை அடைக்க அடுத்த வெள்ளாமையை அடகு வைத்தால், அப்பா எந்தக் கடனுக்குப் பயந்து வீட்டோடு கிடந்தாரோ அதை அவர் பேரிலேயே வாங்கியதாகும். வசதி குறைந்த வீடுகள் இன்னொன்றையும் பார்க்கலாம். இந்து சமய அறநிலையத் துறை 2022-23 முதல் ராமேசுவரம்–காசி ஆன்மிகப் பயணத்துக்குத் தன் செலவில் ஆட்களை அழைத்துப் போகிறது. முதல் ஆண்டு 200 பேர், அடுத்து 300, அதற்கடுத்து 420. வயது 60 முதல் 70 வரை, வருமான வரம்பும் உண்டு. பிள்ளைகள் கூடப் போக முடியாது என்பது குறை. ஆனால் அம்மாவும் ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பித்தால், பிள்ளைகளோடு போவதைவிட அது அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கவும் கூடும்.

எல்லா ஆசையும் புண்ணியத் தலமாக இருக்காது. ‘ஒருவாட்டி ஏரோப்பிளேன்ல போயிரணும்’ என்பது காட்டில் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தவர்களின் பொதுவான ஆசை. அதை நிறைவேற்ற வெளிநாடு போக வேண்டியதில்லை. வாகைகுளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறது, புதிய முனையத்தை 2025 ஜூலையில் திறந்தார்கள். அங்கிருந்து சென்னை ஒன்றரை மணி நேரம். போகும்போது விமானம், திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். அம்மாவுக்குச் சன்னலோர இருக்கையைக் காசு கொடுத்தாவது முன்பே பிடித்துவிடுங்கள். இத்தகைய ஆசைக்கு வருசம் திரும்பக் காத்திருக்கவும் தேவையில்லை.

இன்னொரு ஆட்சேபத்தை அம்மாவே சொல்வார். ‘அவரு பாக்காதத நான் மட்டும் என்னத்தப் பாக்க, நீங்க போயிட்டு வாங்க.’ இதை மறுப்பாக எடுத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது, வற்புறுத்தி இழுத்துக்கொண்டும் போகக் கூடாது. பாதிக்கு மேல் இது மாட்டைப் பற்றிய கவலைதான். யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் பேசி முடியுங்கள், அவரே பையில் சேலையை எடுத்து வைப்பார். மீதிக்கு, அப்பாவின் வேலை எதையாவது அவர் கையில் கொடுங்கள். ராமேசுவரத்தில் மண் எடுப்பது அம்மாவாக இருக்கட்டும். அங்கே போகும்போதே பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயிலில் போனால், கடலுக்கு நடுவே ரயிலில் உட்கார்ந்திருக்கும் அனுபவமும் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு ரயிலில் கிடைப்பது, நடுவில் பசிக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் சாத்தூர்ச் சேவும். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்பதைவிட, நிலக்கடலையும் வெல்லப்பாகும் ஒரு வாரத்துக்குக் கெடாது என்பதுதான் இங்கே முக்கியம். பல் இல்லாதவர்களுக்குச் சத்துமாவு தனியாக வேண்டும். திரும்பும்போது கங்கைச் சொம்புகளை எண்ணி வாங்குங்கள், மூடி ஈயம் வைத்து அடைத்ததாகப் பார்த்து. ராமநாதருக்கு அபிஷேகத்துக்கு வேண்டியதை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஊர் திரும்பி நடத்தும் சமாராதனை விருந்தன்று கொடுக்க வேண்டியதைப் பிறகு கணக்கிடுங்கள். அதில் முதல் சொம்பு, ரெண்டு வாரமாக உங்கள் மாட்டைப் பிடித்துக் கட்டியவருக்கு. அவர் வீட்டுப் பெரியவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கிளம்பும்போது அந்த மாட்டைப் பார்த்துக்கொள்வது உங்கள் முறை.